ரகசியம் வேறு, மௌனம் வேறு: வன்முறையும் மனநல சிகிச்சையாளரும்

1950களின் நடுப்பகுதி. அல்ஜீரியாவில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான போர் நடந்துகொண்டிருக்கிறது. பிளிடா நகரத்தில் மனநல மருத்துவராக இருக்கும் ஒருவரிடம் போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் வருகிறார். ஐரோப்பியர், வயது 30. கொஞ்ச நாளாகவே தன்னிடம் ஏதோ சரியில்லை என்கிறார். வீட்டில் சின்னச் சத்தம் கேட்டாலும் கை நீண்டுவிடுகிறது. பிள்ளைகளை அடிக்கிறார், இருபது மாதக் குழந்தையைக்கூட விட்டுவைக்கவில்லை. ஒருநாள் மனைவி கண்டித்தபோது அவரையும் அடித்து நாற்காலியில் கட்டிப்போட்டுவிட்டார். அதன் பிறகுதான் பயந்துபோய் மருத்துவரைத் தேடி வந்திருக்கிறார்.

வேலையைப் பற்றிய பேச்சு எழுந்ததும் எல்லாம் வெளியே வருகிறது. பிடித்து வரும் அல்ஜீரியர்களைச் சித்திரவதை செய்து வாய் திறக்க வைப்பதுதான் அவருடைய வேலை. சில நாள் பத்து மணி நேரம் தொடர்ந்து செய்ய வேண்டியிருக்கும். எவ்வளவு களைப்பான வேலை தெரியுமா என்று மருத்துவரிடமே அலுத்துக்கொள்கிறார். வேலையை விடும் எண்ணம் அவருக்கு இல்லை. மனசாட்சி உறுத்தாமல், வீட்டில் கை ஓங்காமல், நிதானமாக இதைத் தொடர்ந்து செய்ய உதவுங்கள் என்று மட்டும் கேட்கிறார்.

மருத்துவரின் பெயர் ஃபிரான்ஸ் ஃபனான். மார்டினிக் தீவிலிருந்து வந்த கறுப்பினத்தவர். சித்திரவதை செய்தவர்களும் செய்யப்பட்டவர்களும் அவரிடமே சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஒருமுறை மருத்துவமனை வளாகத்தில் வேறொரு போலீஸ்காரரும் அவர் கையில் சிக்கி வதைபட்ட ஒருவரும் எதிரெதிரே பார்த்துக்கொண்டார்கள். போலீஸ்காரர் மரத்தில் சாய்ந்து வியர்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். மற்றவரைத் தேடியபோது கழிப்பறையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற நிலையில் கண்டுபிடித்தார்கள். தன்னைத் திரும்பப் பிடித்துப்போக வந்துவிட்டார்கள் என்று அவர் நினைத்திருக்கிறார். நீ பார்த்தது பிரமை, போலீஸ்காரர்கள் இங்கே வர முடியாது என்று திரும்பத் திரும்பச் சொல்லித்தான் ஊழியர்கள் அவரைத் தேற்றினார்கள். அவர் கண்ணால் கண்டதோ முழு உண்மை. சிகிச்சை நடக்க வேண்டுமானால் உண்மையைப் பிரமை என்று சொல்ல வேண்டிய நிலை.

1956இல் ஃபனான் வேலையை விட்டார். அல்ஜீரியாவை நிர்வகித்த ரொபேர் லகோஸ்த்துக்கு எழுதிய ராஜினாமாக் கடிதத்தில் அவர் வைத்த வாதம் எளிமையானது. மனிதன் தன் சூழலில் அந்நியனாக உணராதபடி செய்வதுதான் மனநல மருத்துவம். சொந்த மண்ணிலேயே ஒரு மக்கள் கூட்டத்தை நிரந்தர அந்நியர்களாக வைத்திருக்கும் ஆட்சியில் அந்த மருத்துவத்துக்கு என்ன பொருள்? 1957 ஜனவரியில் அவரை நாட்டை விட்டு வெளியேற்றினார்கள்.

எல்லா சிகிச்சையாளரும் ஃபனான் ஆக முடியாது, ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் அந்த இன்ஸ்பெக்டரின் கோரிக்கை சாதாரணமாகத் தெரியும் உருவங்களில் எந்த ஆலோசனை அறைக்குள்ளும் வரக்கூடியது. தூக்கம் வர வேண்டும், கோபம் குறைய வேண்டும், வீடு அமைதியாக வேண்டும் என்கிறார்கள். எதைச் சகித்துக்கொண்டு தூங்க வேண்டும், எதைச் செய்துகொண்டே கோபம் குறைய வேண்டும் என்ற கேள்வியைக் கேட்கலாமா கூடாதா என்பதில்தான் இந்தத் தொழிலின் சமூகப் பொறுப்பு இருக்கிறது.

இந்த இடத்தில் வழக்கமாக வரும் பதில், நாங்கள் நடுநிலையானவர்கள், எங்களிடம் சொல்வது எங்களோடு போய்விடும் என்பது. இதில் பாதி சரி. நோயாளி நம்பிச் சொன்னதைக் காப்பது ரகசியம். அது நோயாளிக்குச் சொந்தம். சிகிச்சையாளர் தன் வசதிக்காகவோ, தன் சங்கத்தின் பெயருக்காகவோ, அரசின் தயவுக்காகவோ வாயை மூடிக்கொள்வது மௌனம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். முதலாவதின் பெயரைச் சொல்லி இரண்டாவது நடந்த கதைகள் இந்தத் தொழிலின் வரலாற்றில் நிறைய.

ஒரு கொலையும் ஒரு தீர்ப்பும்

ரகசியத்தின் எல்லை எது என்ற விவாதத்தில் உலகம் முழுவதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது டாரசாஃப் வழக்கு. இடம் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம், ஆண்டு 1969. இந்தியாவிலிருந்து படிக்கப் போன ஒரு மாணவர், தன்னை விரும்பாத டாட்டியானா டாரசாஃப் என்ற மாணவியைக் கொல்லப்போவதாகப் பல்கலைக்கழக மருத்துவமனையின் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் சும்மா இருக்கவில்லை. வளாகப் போலீசுக்குத் தகவல் சொல்லி, கடிதமும் எழுதினார். போலீஸ் அந்த மாணவரைப் பிடித்து விசாரித்தது. பார்த்தால் தெளிவாகத்தான் இருக்கிறார், அந்தப் பெண் பக்கம் போகமாட்டேன் என்கிறார் என்று விட்டுவிட்டது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். மருத்துவமனையின் மனநலப் பிரிவுத் தலைவர் அந்தக் கடிதத்தைப் போலீசிடமிருந்து திரும்பக் கேட்டார். கடித நகல்களையும் சிகிச்சைக் குறிப்புகளையும் அழிக்கச் சொன்னார். மேற்கொண்டு எந்த நடவடிக்கையும் வேண்டாம் என்றார். அப்போது பிரேசிலில் இருந்த டாட்டியானாவுக்கோ அவருடைய பெற்றோருக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் ஊர் திரும்பிய பிறகு, அக்டோபர் 27 அன்று கொல்லப்பட்டார்.

பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1974இல் ஒருமுறையும் 1976இல் மறுமுறையும் தீர்ப்புச் சொன்னது. முதல் தீர்ப்பு, ஆபத்தில் இருப்பவரை எச்சரிக்கும் கடமை பற்றியது. இரண்டாவது அதை விரித்து, அவரைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை என்றது. பொதுமக்களுக்கு ஆபத்து தொடங்கும் இடத்தில் ரகசியப் பாதுகாப்பு முடிகிறது என்பது நீதிபதி டோப்ரினரின் வாசகத்தின் சாரம். மனநல மருத்துவர்களின் சங்கங்கள் இதை எதிர்த்து வாதாடின. யார் வன்முறையில் இறங்குவார் என்று முன்கூட்டியே சொல்லும் திறமை எங்களிடம் இல்லை என்றன. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி கிளார்க், ரகசியம் போய்விட்டால் இப்படிப்பட்ட எண்ணம் உள்ளவர்கள் சிகிச்சைக்கே வரமாட்டார்கள், அதனால் வன்முறை கூடவே செய்யும் என்றார்.

இரண்டு வாதத்திலும் நியாயம் உண்டு. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. கோபத்தில் கொன்றுவிடுவேன் என்று சொல்பவர்களும் கொல்வதில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் போலீசைக் கூப்பிட்டால் அந்த அறையில் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். ஆனால் இந்த வழக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது உளவியலாளரின் தீர்மானம் அல்ல, தலைவரின் உத்தரவு. குறிப்புகளை அழி என்பதால் அந்த மாணவருக்கு என்ன லாபம்? டாட்டியானாவுக்கு என்ன லாபம்? அது காப்பாற்றியது மருத்துவமனையைத்தான்.

நம் நாட்டுச் சட்டத்திலும் இந்த எல்லை எழுதப்பட்டிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநல பராமரிப்புச் சட்டம், 23ஆம் பிரிவில் ரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைக்கிறது. வேறொருவரைத் தீங்கிலிருந்தோ வன்முறையிலிருந்தோ காக்கத் தேவையானால் தகவலை வெளியிடலாம் என்றும், அந்தத் தீங்கைத் தடுக்க எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும்தான் வெளியிடலாம் என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியைப் பலர் கவனிப்பதில்லை. ஆபத்தைச் சொல்லலாம், அதைச் சாக்கிட்டு ஒருவரின் மொத்த வாழ்க்கையையும் கொட்டிவிடக் கூடாது.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதைவிடக் கறாரானது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு எதிரான பாலியல் குற்றம் தெரியவந்தால் புகார் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. சித்தப்பாவோ டியூஷன் வாத்தியாரோ குழந்தையிடம் அத்துமீறியிருக்கும்போது, குடும்ப மானம் கருதி மூடி மறைப்பதை உடைக்க இப்படி ஒரு சட்டம் வேண்டும்தான். ஆனால் 17 வயதுப் பெண் தன் காதலனைப் பற்றிச் சொன்னாலும் அதே விதிதான். விவரம் தெரிந்த பிள்ளைகள் பேச்சை மாற்றிவிடுகிறார்கள், அல்லது வருவதே இல்லை. நீதிபதி கிளார்க் பயந்தது கலிஃபோர்னியாவில் எவ்வளவு நடந்ததோ தெரியாது, இங்கே இந்த வயதுப் பிள்ளைகள் விஷயத்தில் நடக்கிறது. முதல் சந்திப்பிலேயே, எதை நான் வெளியே சொல்ல வேண்டியிருக்கும் என்று விளக்கிவிடுவதுதான் நேர்மையான சிகிச்சையாளர் செய்யக்கூடியது. பேச வந்தவர் அதைத் தெரிந்துகொண்டு பேசட்டும்.

கவுன்சிலிங் கொடுத்து அனுப்பினார்கள்

தமிழ்நாட்டில் கவுன்சிலிங் என்றால் இரண்டு விஷயம்தான் சட்டென்று நினைவுக்கு வரும். ஒன்று, இன்ஜினியரிங் சீட். இன்னொன்று, கணவன் அடிப்பதாகப் புகார் கொடுக்கப் போன பெண்ணைப் பற்றிய செய்தியின் கடைசி வரி: இருவருக்கும் கவுன்சிலிங் கொடுத்துச் சேர்த்து அனுப்பிவைத்தனர். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ பெண்களுக்கு அது புகலிடமாக இருந்திருக்கிறது. அதே நேரம், அடியை ‘குடும்பத் தகராறு’ ஆக்கி, குற்றத்தைப் பேசித் தீர்க்க வேண்டிய மனஸ்தாபமாக மாற்றும் பழக்கமும் கவுன்சிலிங் என்ற பெயரில் வேரூன்றிவிட்டது.

காவல் நிலையத்தில் நடப்பது உளவியல் சிகிச்சை அல்ல என்று தொழில்முறை சிகிச்சையாளர்கள் சொல்லலாம். சரி. ஆனால் பயிற்சி பெற்றவர்களின் அறையிலும் இதே தவறு மெருகு ஏறிய மொழியில் நடக்கும். ‘உங்கள் இருவருக்கும் இடையில் தகவல் தொடர்புச் சிக்கல் இருக்கிறது.’ ‘அவரைத் தூண்டுவது எது என்று யோசித்துப் பாருங்கள்.’ அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்திருக்க, சிகிச்சையாளர் இருவருக்கும் சமமாகத் தலையாட்டும்போது கணக்கு ஏற்கெனவே ஒருபக்கம் சாய்ந்துவிடுகிறது. கணவர் முன்னால் அந்தப் பெண் உண்மையைச் சொன்னால் வீட்டுக்குப் போனதும் அதற்கு விலை கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் சிகிச்சை பொய்யின் மேல் நடக்கும். அதனால்தான் வன்முறை தொடரும் இடத்தில் தம்பதியைச் சேர்த்து உட்காரவைத்துச் சிகிச்சை தருவதைத் தவிர்க்கும்படி இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் சொல்கிறார்கள். முதலில் தனியாகப் பேச வேண்டும். இன்று ராத்திரி வீட்டுக்குப் போவது பாதுகாப்பா என்று கேட்க வேண்டும். தாழ்வு மனப்பான்மையைப் பற்றி அதற்கப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ரியோவில் ஒரு கையெழுத்து

மௌனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நான் அறிந்தவரையில் மோசமான உதாரணம் பிரேசில். அங்கே 1964இல் ராணுவ ஆட்சி வந்தது. 1970களின் தொடக்கத்தில் ரியோ டி ஜனெய்ரோவில் அமில்கார் லோபோ என்ற இளம் மருத்துவர், ஃப்ராய்டின் வழியில் மனத்தை ஆராயும் சிகிச்சையான உளப்பகுப்பாய்வில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். அதே ஆள் ராணுவத்தின் சித்திரவதைக் கூடத்திலும் மருத்துவராக வேலை பார்த்தார். கைதியின் உடம்பு இன்னும் எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பது, மயங்கியவரை அடுத்த சுற்றுக்குத் தேற்றுவது மாதிரியான வேலை.

1973இல் தலைமறைவாக வெளிவந்த கம்யூனிஸ்ட் பத்திரிகை ஒன்று அவர் பெயரை வெளியிட்டது. ரியோவின் இன்னொரு உளப்பகுப்பாய்வாளர் எலேனா பெஸர்மன் வியன்னா அந்தச் செய்தித் துணுக்கை வெட்டி, பெயர் போடாமல் ஓரத்தில் கையால் குறிப்பு எழுதி, பியூனஸ் அயர்ஸில் இருந்த உளப்பகுப்பாய்வாளர் மரி லாங்கருக்கு அனுப்பினார். லாங்கர் அதை வெளியே கொண்டுவந்தார். சர்வதேச உளப்பகுப்பாய்வுச் சங்கம் வரை விஷயம் போனது. சங்கத் தலைமை ரியோவிடம் விளக்கம் கேட்டது. விளக்கம் எழுதியவர்களில் முக்கியமானவர் லியாவ் கபெர்னிச்சி. ரியோ சங்கத்தின் முக்கியப் புள்ளி, லோபோவுக்குப் பயிற்சிப் பகுப்பாய்வு (பயிற்சியில் இருப்பவரே தன் மனத்தைத் திறந்து பேசும் அமர்வுகள்) நடத்திக்கொண்டிருந்தவரும் அவரே. எல்லாம் அவதூறு என்று பதில் போனது.

விசாரணை நடந்தது. லோபோவைப் பற்றி அல்ல, அந்தக் குறிப்பை எழுதியது யார் என்று. கையெழுத்து நிபுணரை வைத்து எலேனாவைக் கண்டுபிடித்தார்கள். ராணுவ ஆட்சி நடக்கும் நாட்டில் புகார் சொன்னவரின் அடையாளத்தை அம்பலப்படுத்துவது என்றால் அவர் உயிரையே பணயம் வைப்பது. அதைச் செய்தவர்கள் மனித மனத்தின் ஆழங்களை ஆராய்வதைத் தொழிலாகக் கொண்டவர்கள். பயிற்சிப் பகுப்பாய்வில் பேசியது ரகசியம், சங்கத்துக்கு அரசியல் கிடையாது என்பவை அவர்களுக்குக் கேடயம் ஆயின.

பெட்ரோபோலிஸில் ‘சாவு வீடு’ என்று அழைக்கப்பட்ட ரகசியச் சிறையிலிருந்து உயிரோடு வெளியே வந்தவர் இனேஸ் எட்டியன் ரோமேயு ஒருவர்தான். சிறையிலிருந்து விடுதலையான பிறகு, 1981இல் அவர் லோபோவை நேரில் அடையாளம் காட்டினார். அந்த 1980களின் இறுதியில்தான் லோபோவின் மருத்துவ உரிமம் பறிபோனது. எலேனா சொன்னது சரி என்று நிரூபணமாக அவ்வளவு காலம் ஆயிற்று.

இதெல்லாம் ராணுவ சர்வாதிகாரத்தில்தானே என்று தோன்றலாம். 2001 செப்டம்பருக்குப் பிறகான அமெரிக்காவைப் பாருங்கள். ஜேம்ஸ் மிட்செல், புரூஸ் ஜெசன் என்ற இருவர் விமானப்படையில் உளவியலாளர்களாக இருந்தவர்கள். எதிரியிடம் பிடிபட்டால் சித்திரவதையைத் தாங்குவது எப்படி என்று அமெரிக்க வீரர்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சியில் வேலை செய்தவர்கள். அந்தப் பாடத்தைத் தலைகீழாக்கி, சிஐஏவின் ரகசியச் சிறைகளுக்கான விசாரணை முறையாக வடிவமைத்துக் கொடுத்தார்கள். தப்பிக்க வழியே இல்லாமல் மின்னதிர்ச்சி பெற்ற நாய்கள், பிறகு வழி இருந்தாலும் தப்பிக்க முயலாமல் படுத்துவிட்டதை 1960களில் மார்ட்டின் செலிக்மன் உள்ளிட்டோர் ஆய்வில் கண்டார்கள். மனச்சோர்வைப் புரிந்துகொள்ள உதவிய அந்த ஆய்வு இங்கே மனிதர்களை அந்த நிலைக்குத் தள்ளும் செய்முறை ஆயிற்று. தன் ஆய்வு இப்படிப் பயன்பட்டதற்கு செலிக்மன் வருத்தம் தெரிவித்தார். 2002 ஆகஸ்டில் மட்டும் அபு சுபைதா என்ற கைதியை 83 முறை நீரில் மூச்சுத் திணறடித்தார்கள். அமெரிக்க செனட் குழு 2014 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைச் சுருக்கத்தின்படி, இந்த இருவரின் நிறுவனத்துக்குக் கிடைத்த பணம் 8 கோடியே 10 லட்சம் டாலர்.

இரண்டு பேர் வழிதவறியதோடு கதை முடியவில்லை. ஆயிரக்கணக்கான சாதாரண சிகிச்சையாளர்களின் சங்கமான அமெரிக்க உளவியல் சங்கம், 2005இல் இதற்கென ஒரு பணிக்குழு அமைத்தது. அதில் பெரும்பான்மையினர் ராணுவத்தோடோ உளவுத் துறையோடோ தொடர்புள்ளவர்கள். விசாரணைகளில் உளவியலாளர் பங்கேற்கலாம், விசாரணை பாதுகாப்பாகவும் சட்டப்படியும் நடக்க அது உதவும் என்று சில நாள் கூட்டத்திலேயே முடிவெடுத்தார்கள். குழுவிலிருந்த ஜீன் மரியா அரிகோ என்ற உளவியலாளர் உள்ளே நடந்ததைப் பின்னர் வெளியில் சொன்னார். அடுத்த ஆண்டு, மனநல மருத்துவர்களின் சங்கமும் பொது மருத்துவர்களின் சங்கமும் தங்கள் உறுப்பினர்கள் விசாரணையில் நேரடியாகக் கலந்துகொள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டன. உளவியலாளர் சங்கத்தின் தலைமை மட்டும் பிடிவாதமாக நின்றது. 2008இல் உறுப்பினர்களே வாக்கெடுப்பு நடத்தி எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள். கடைசியில் வெளி வழக்கறிஞர் டேவிட் ஹாஃப்மன் விசாரித்து, 2015இல் 500 பக்கங்களைத் தாண்டிய அறிக்கை கொடுத்தார். சங்க நிர்வாகிகள் சிலர் பாதுகாப்புத் துறையின் வசதிக்கு ஏற்பவே நெறிமுறைகளை அமைக்க ஒத்துழைத்தார்கள் என்பது அதன் முடிவு. அதில் பெயர் வந்த சிலர் அதை மறுத்து நீதிமன்றம் போனார்கள். அறிக்கை வந்த அதே 2015 ஆகஸ்டில் சங்கத்தின் பேரவை கூடி, தேசப் பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர் பங்கேற்கத் தடை விதித்தது. எதிர்த்து விழுந்தது ஒரே ஓட்டு.

சங்கங்களின் நெறிமுறைப் புத்தகத்தைச் சலிப்பூட்டும் காகிதம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2002இல் அந்தச் சங்கத்தின் விதி திருத்தப்பட்டபோது, சட்டத்துக்கும் நெறிமுறைக்கும் மோதல் வந்து தீர்க்க முடியாமல் போனால் சட்டத்தையே பின்பற்றலாம் என்று ஒரு வாசகம் இருந்தது. அதே ஆண்டு அமெரிக்க நீதித் துறையின் சட்ட ஆலோசகர்கள் நீரில் மூச்சுத் திணறடிப்பது சட்டப்படி சரி என்று எழுதிக்கொடுத்தார்கள். அந்த விதியை 2010இல்தான் சரிசெய்தார்கள்.

சாட்சியம் சிகிச்சையான கதை

எதிர்ப்பக்கமும் உண்டு. சிலியில் 1973 செப்டம்பர் 11 அன்று ராணுவத் தளபதி பினோசெட் ஆட்சியைப் பிடித்த பிறகு ஆயிரக்கணக்கானோர் வதைக்கப்பட்டார்கள், பலர் காணாமல் போனார்கள். தேவாலயங்களின் நிழலில் இயங்கிய மனித உரிமை அமைப்புகளில் எலிசபெத் லிரா, யூஹேனியா வெய்ன்ஸ்டீன் போன்ற உளவியலாளர்கள் வேலை செய்தார்கள். அவர்களிடம் வந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதை அரசு அடியோடு மறுத்துக்கொண்டிருந்தது. பேசினால் ஆபத்து, பேசாவிட்டால் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும்.

அவர்கள் கண்டுபிடித்த வழி எளிமையானது. நடந்ததை வந்தவர் சொல்லச் சொல்ல ஒலிநாடாவில் பதிவு செய்வார்கள். எழுத்தில் கொண்டுவந்து, இருவரும் சேர்ந்து படித்து, திருத்துவார்கள். தனித்தனித் துண்டுகளாக, கெட்ட கனவாக, வெட்கமாகக் கிடந்தது ஒரு வாழ்க்கைக் கதையாகக் கோத்துவரும். கையில் ஒரு ஆவணமும் இருக்கும். அதை வைத்துக்கொள்வதா, மனித உரிமை அமைப்புக்குக் கொடுப்பதா என்பது அவர் விருப்பம். தனிமனிதரின் குணமடைதலும் குற்றத்தின் பதிவும் ஒரே காகிதத்தில். இதைப் பற்றி 1983இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் எழுதியபோது தங்கள் உண்மைப் பெயரைப் போட முடியவில்லை. சியென்ஃபுவேகோஸ், மொனெல்லி என்ற புனைபெயர்களில் வந்தது. இங்கே நடுநிலை வேண்டாம் என்பதை அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். உனக்கு நடந்தது அநியாயம் என்று சிகிச்சையாளர் சொல்லாவிட்டால், அரசு சொல்லும் பொய்க்கு அவரும் துணை போகிறார் என்றுதான் எதிரே இருப்பவருக்குப் படும்.

எல் சால்வடாரில் இக்னாசியோ மார்ட்டின்-பாரோ இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் ஸ்பெயினில் பிறந்த ஏசு சபைப் பாதிரியார், உளவியல் பேராசிரியர். போர் ஏற்படுத்தும் காயம் தனிமனிதரின் மண்டைக்குள் மட்டும் இல்லை, மனிதர்களுக்கு இடையிலான உறவில் இருக்கிறது என்றார். எல்லாரும் எல்லாரையும் சந்தேகிப்பது, பொய் சொல்லிப் பிழைக்கக் கற்றுக்கொள்வது, நல்லவர் கெட்டவர் என்று ஊரே இரண்டாகப் பிளப்பது ஆகியவையும் அந்தக் காயத்தின் பகுதிதான் என்பது அவர் வாதம். 1986இல் அவர் தொடங்கிய கருத்துக்கணிப்பு நிறுவனம், மக்கள் உண்மையில் போரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று எண்ணிக் காட்டியது. அரசின் பிரச்சாரத்துக்கு அது பிடிக்கவில்லை. 1989 நவம்பர் 16 விடியுமுன், ராணுவத்தின் அட்லகாட்டில் படைப்பிரிவு பல்கலைக்கழகத்துக்குள் புகுந்து அவரையும் இன்னும் ஐந்து பாதிரியார்களையும் அங்கே தங்கியிருந்த சமையல்காரப் பெண்ணையும் அவருடைய மகளையும் சுட்டுக் கொன்றது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு யாழ்ப்பாணம் நினைவுக்கு வராமல் இருக்காது. அதே 1989 செப்டம்பரில்தான் யாழ் பல்கலைக்கழக மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திரணகம கொல்லப்பட்டார். அவரும் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் இன்னும் இருவரும் சேர்ந்து எழுதிய ‘முறிந்த பனை’ என்ற நூல், இந்திய ராணுவம், இலங்கை அரசு, இயக்கங்கள் என யாரையும் விட்டுவைக்காத சாட்சியம். சோமசுந்தரம் அதன் பின்னும் போர்க்காலத்தில் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் வைத்தியம் பார்த்தார். ஊர், உறவு, கோயில், சடங்கு எல்லாம் சேர்ந்து காயப்படும் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதினார். மார்ட்டின்-பாரோ சொன்னதும் அவர் கண்டதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு சின்ன ஆறுதல்: ஈழத்தில் கவுன்சிலிங்குக்கு ‘உளவளத்துணை’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது. துணை என்ற சொல்லில் இருக்கும் ஒட்டுறவு ஆலோசனை என்பதில் இல்லை.

அந்தத் துணைக்கு வரும் கடினமான சோதனை காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள். மகன் இறந்துவிட்டான் என்று ஏற்றுக்கொண்டு, இறந்தவருக்கான அந்தியேட்டிச் சடங்கைச் செய்துவிட்டால் தாய்க்குத் தூக்கம் வரலாம். ஆனால் உங்களிடம் கையளித்த பிள்ளை எங்கே, என்ன செய்தீர்கள் என்ற கேள்வியோடு 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் தாயிடம், ஏற்றுக்கொள்ளுங்கள் அம்மா என்று சிகிச்சையாளர் சொன்னால் அது யாருக்கு உதவும்? சிலியிலும் இதே கேள்வி வந்தது. உடல் கிடைக்காத, உண்மை தெரியாத துக்கத்தை முடியாத துக்கம் என்று நோயாக்கிவிடக் கூடாது என்றுதான் அங்கே பலர் வாதாடினார்கள். அந்தத் தாயின் பிடிவாதத்துக்கு மருந்து தேவையில்லை, பதில்தான் தேவை. தூக்கமின்மைக்கு மருந்து தரலாம். இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிவிடாமல் இருந்தால் சரி.

சிலியில் ஜனநாயகம் திரும்பிய பின், சித்திரவதை பற்றிய அரசு ஆணையத்தில் எலிசபெத் லிரா ஓர் உறுப்பினர். புனைபெயரில் எழுத வேண்டியிருந்தவர் அரசின் மேசையிலேயே உட்கார்ந்து கேட்டார். 2004இலும் 2005இலும் வந்த அறிக்கைகள் 28,000க்கும் மேற்பட்டோரைப் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்றுக்கொண்டன. ஓய்வூதியமும் மருத்துவ உதவியும் கிடைத்தன. ஆனால் அவர்கள் சொன்ன சாட்சியங்களை 50 ஆண்டுகளுக்கு மூடி வைக்க வேண்டும் என்று சட்டம் இயற்றினார்கள். நீதிபதி கேட்டாலும் கொடுக்கக் கூடாது. நம்பிச் சொன்னவர்களின் அந்தரங்கத்தைக் காக்கத்தான் இது என்பது ஒரு தரப்பு. எங்களை வதைத்தவர்களின் பெயர் அதில் இருக்கிறது, இது யாருடைய ரகசியம் என்று கேட்கிறது இன்னொரு தரப்பு. தங்கள் சாட்சியத்தை வெளியிடும் உரிமையை அந்தச் சட்டம் சொன்னவர்களிடமே விட்டிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, தாங்கள் சொன்ன பக்கங்களைத் திருப்பிக் கேட்டு வாங்கியவர்களும் உண்டு. மற்ற பெட்டிகளை 2054 வரை திறக்கக் கூடாது என்பதுதான் அந்தச் சட்டம் போட்ட கணக்கு.